துயிலெழ மறுக்கும் கணிப்பொறி

கருவி ஒன்றின் அருமை, அது தொழிற்படுங்காலத்தில் நமக்குப் புலனாவதில்லை. தொழிற்படாது நின்றுவிட்ட நாளிலேதான் புலனாகின்றது. விளக்கு, மோட்டார், மிதிவண்டி ஆகிய யாவற்றுக்கும் பொதுவான இவ்வுண்மை கணிப்பொறிக்குப் பெரிதும் பொருந்தும். ஏனெனில், பிற கருவிகள் பழுதுற்றால் அவற்றின் வேலை மட்டுமே நிற்கும். கணிப்பொறி பழுதுற்றாலோ, அதனுள் நாம் சேர்த்து வைத்த பொருளும் நம் கைக்கு எட்டாமற் போகும்.

கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் பெருவழியில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னதாக அமைந்துள்ள குள்ளஞ்சாவடி ஒரு பெருநகரமன்று. முந்திரித் தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த ஊர் அது. மேற்கே சிறிது தொலைவில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. இத்தகைய ஊர்களில் வீட்டுக்கொரு கணிப்பொறி என்னும் நிலை இன்னும் ஏற்பட்டிலது. கைப்பேசி எங்கும் பரவிவிட்டதேனும், விண்ணப்பம் எழுதவும், கணக்கு வைக்கவும், ஆய்வுக் கட்டுரை அச்சிடவும், ஒரு மேசைக் கணிப்பொறியைப் பலர் நாடுகின்றனர். அவ்வொன்று ஒரு காலையில் எழ மறுப்பின், விண்ணப்பத்தின் இறுதி நாள் தவறும். கடைக்காரரின் அன்றைய வருவாய் போகும். இவற்றினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. பழுதின் காரணம் யாதென ஆராயாமலே, “ஃபார்மட் போட்டால் சரியாகும்” என்று ஒருவர் கூற, உடையவரும் அதற்கிசைய, பல்லாண்டுகளாகச் சேர்ந்த எழுத்தும் கணக்கும் மறைந்தோரின் நிழற்படங்களும் ஒரு மணி நேரத்தில் அழிந்துபோதலே அது. ஆதலின், கணிப்பொறி துயிலெழுதற்கண் நேரும் இடையூறுகளையும், அவற்றின் காரணத்தை ஒழுங்குபட நாடும் முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றேன்.

முதற்கண், நோயற்ற கணிப்பொறி எவ்வாறு எழுகின்றது என்பதை அறிதல் வேண்டும். இயல்பை அறியாதார்க்குத் திரிபு விளங்காது. கணிப்பொறியைத் தொடங்குதலை ஆங்கிலேயர் ‘பூட்’ என்பர். காலணியின் பின்புறத்து வாரைத் தன் கையாலேயே பற்றித் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்னும் நகைச்சுவையான வழக்கினின்று பிறந்தது இச்சொல். அதன் பொருத்தம் வியக்கத்தக்கது. கட்டளைகளைப் படித்தற்குக் கணிப்பொறிக்கு ஒரு கட்டளைத் தொகுதி வேண்டும். அத்தொகுதியோ வட்டில் உறங்குகின்றது. அதனை எழுப்பப் பிறிதொன்று வேண்டும். இம்முட்டுப்பாட்டை நீக்கும் பொருட்டு, மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்றில் முதற்கட்டளைகளைப் பொறித்து, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையிற் பதித்துள்ளனர். 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறி முதலாக இது ‘பயாஸ்’ என்று பெரும்பான்மையும் வழங்கப்பெற்றது. இக்காலப் பொறிகளில் ‘யு.இ.எஃப்.ஐ.’ என்னும் விரிந்த அமைப்பு அதனிடத்தைப் பெற்றுள்ளது.

எழுச்சியின் படிகள் ஐந்து. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை, மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றுதல் முதற்படி. இம்மின்வழங்கியையே நம்மூர்க் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பர். அவ்வோல்ட்டுகள் நிலைபெற்றபின், “மின்சாரம் நன்று” என்னும் குறிப்பொன்றை அது தாய்ப்பலகைக்கு அனுப்புதல் இரண்டாம் படி. இதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை செல்லும். குறிப்புக் கிட்டியதும் மையச் செயலி விழித்து, முதற்கட்டளைகளைப் படித்து, ரேம் என்னும் நினைவகத்தையும் திரையையும் விசைப்பலகையையும் சோதித்தல் மூன்றாம் படி. வட்டினைத் தேடிக் கண்டு, அதிலுள்ள தொடக்க நிரலைப் படித்தல் நான்காம் படி. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நினைவகத்தில் ஏறி நம்மை வரவேற்றல் ஐந்தாம் படி.

இவ்வைந்தையும் நெஞ்சில் நிறுத்திக்கொண்டால் பாதி மருத்துவம் முடிந்தது என்னலாம். “ஏன் எழவில்லை?” என்று வினவுதற்கு முன்னர், “எந்தப் படியில் நின்றது?” என்று வினவுக. முன்னைய வினாவுக்கு விடை நூறு. பின்னைய வினாவுக்கு விடை ஐந்தே. நான்காம் படி வரை ஏறிய பொறியில் எஸ்.எம்.பி.எஸ். முற்றும் இறந்துவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. முதற்படியையே ஏறாத பொறிக்கு ஃபார்மட் போடுதல், வாயிற் கதவு திறவாத வீட்டின் உள்ளறையை வெள்ளையடிக்க முயல்வதை ஒக்கும்.

நிற்க. ஒவ்வொரு படியிலும் நேரும் பழுதுகளை இனி ஆராய்வாம்.

பொத்தானை அழுத்தியும் விளக்கெரியாது, விசிறி சுழலாது, ஒலியும் எழாதிருப்பின், பழுது முதற்படியது. உடனே பெட்டியைத் திறத்தல் வேண்டா. அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பார்க்க. கம்பியை மாற்றிப் பார்க்க. பெட்டியின் பின்புறத்தே எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குரிய தனி ஸ்விட்ச் அணைந்துள்ளதா என்று நோக்குக. தூசி துடைப்போர் கைபட்டு அது அணைதலுண்டு. யு.பி.எஸ்.ஸை விலக்கி, நேரே சுவரிலிருந்து மின்சாரம் தந்து பார்க்க. யு.பி.எஸ்.ஸின் மின்கலம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்வது. அதன் தளர்ச்சியைக் கணிப்பொறியின் நோயென மயங்குவோர் பலர். இவை யாவும் செவ்வனே இருப்பின், மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்னைக் கழித்து, மீண்டும் முயல்க.

இனி, முற்றும் இறவாது, எழுதற்கு மட்டும் இடர்ப்படும் பொறி ஒரு வகை. காலையில் பத்து முறை அழுத்தினால் ஒரு முறை எழும். எழுந்தபின் மாலை வரை குறைவின்றி உழைக்கும். மறுநாட் காலை மீண்டும் அதே பிடிவாதம். மழைக்காலக் குளிரில் இது மிகும். பேய்க்கூத்துப் போலத் தோன்றும் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளும் தாய்ப்பலகையின் மேலும் சிறு உருளைகள் போன்ற மின்தேக்கிகள் நிற்கின்றன. பழுதுபார்ப்போர் அவற்றைக் கண்டென்சர் என்பர். மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை ஏரி போலத் தாங்கிச் சமனாக வழங்குதல் அவற்றின் தொழில். அவற்றுள் ஒரு நீர்மம் உண்டு. வெப்பத்தால் அது நாளடைவில் வற்ற, மின்தேக்கியின் அகத்தடை மிகுந்து, வோல்ட்டு நிலைபெறாது நடுங்கும். “மின்சாரம் நன்று” என்னும் குறிப்புப் பிறவாது. குளிர்ந்த நிலையில் அத்தடை இன்னும் மிகும். பன்முறை அழுத்துகையில் உருளை சிறிது சூடேற, தடை குறைந்து, பொறி எழுகின்றது. எழுந்தபின் தன் வெப்பத்தாலேயே நலமுற்றது போல இயங்குகின்றது. பகல் முழுதும் உழைப்பதைக் கண்டு, “ஒன்றுமில்லை” என்று விட்டுவிடின், சின்னாளில் அது அறவே எழாமற் போகும்.

இந்நோய் ஓர் ஊரோடு நிற்பதன்று. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை விற்கப்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில், குறைபாடுள்ள நீர்மம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் உச்சி புடைத்து வெடித்தன. ‘மின்தேக்கிக் கொள்ளைநோய்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். இன்றும் பெட்டியைத் திறந்து நோக்குவோர், உருளையின் உச்சி தட்டையாக உள்ளதா, புடைத்துப் பழுப்பு நிறக் கசிவு தென்படுகின்றதா என்று காணுதல் முதற் சோதனையாம். நல்ல மின்தேக்கியும் வெப்பத்தால் ஆயுள் குறையும். 10 பாகை வெப்பம் குறையுந்தோறும் அதன் வாழ்நாள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்குமென்று குறிக்கப்பெற்ற ஒன்று, 75 பாகையில் 16,000 மணியும், 65 பாகையில் 32,000 மணியும் உழைக்கும். நாளொன்றுக்கு 10 மணி வீதம் இயக்கினால், முன்னது நான்கரை ஆண்டுக்குச் சிறிது குறைவு. பின்னது எட்டே முக்கால் ஆண்டு. விசிறியிற் படிந்த தூசியைத் துடைத்தலும், பெட்டியைச் சுவரோடு ஒட்டாது ஒரு சாண் தள்ளி வைத்தலும் பணமின்றி ஆண்டுகளை ஈட்டித்தரும் செயல்கள் என்பது இதனால் விளங்கும்.

ஒன்றை ஈண்டு வற்புறுத்திக் கூற விரும்புகின்றேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாணவர் எவரும் திறத்தலாகாது. மின்கம்பியைக் கழற்றிய பின்னரும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருத்தல் கூடும். அஃது உயிரைப் பறிக்க வல்லது. நலமான வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவலாகப் பொருத்திப் பார்த்தலே தக்க சோதனை. விசிறி சுழன்றமையால் மட்டும் அது நலமென்று துணிதலும் தவறு. 12, 5, 3.3 என்னும் மூன்று வோல்ட்டுகளும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிறழாமல் நிற்கின்றனவா என்று மீட்டரால் அளத்தல் வேண்டும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், பழுது மூன்றாம் படியது. முதலில் திரையையும் அதன் கம்பியையும் ஐயுறுக. பின்னர், பொறி எழுப்பும் ‘பீப்’ ஒலிகளை எண்ணுக. வாய் பேசாக் குழவி அழுகையால் தன் நோவை உணர்த்துமாறு, பொறியும் ஒலியின் நெடுமை குறுமைகளால் தன் குறையைத் தெரிவிக்கின்றது. அவ்வொலிகளின் பொருள் பயாஸ் செய்தோர்க்கேற்ப வேறுபடுமாதலின், அந்தந்தப் பலகைக்குரிய கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்க. நம் நாட்டில் இப்படிக்குரிய பழுதுகளிற் பெரும்பங்கு ரேம் பலகையின் தொடுமுனைகளில் மாசு படிதலால் நேர்வது. மின்சாரத்தை முற்றும் துண்டித்து, இரும்புப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்னைக் கழித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறத்துக் கொக்கியும் தாமே பூட்டுமாறு அழுத்திப் பொருத்துக. இச்சிறு தொண்டினால் உயிர்பெற்ற கணிப்பொறிகள் எண்ணிறந்தன. இரண்டு ரேம்கள் இருப்பின் ஒவ்வொன்றாகச் சோதிக்க. இன்னும் எழாவிடின், இன்றியமையாதன ஒழிய ஏனைய அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதனைச் சேர்க்கையில் நோய் மீள்கின்றது என்று காண்க.

இப்படியிலே குறிப்பிடத்தக்க மற்றொன்று, நாணயம் போன்ற சிறு மின்கலம். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட்டும் உடைய இது, மின்சாரம் இல்லாத வேளையிலும் கணிப்பொறியின் கடிகாரத்தை இயக்குகின்றது. இது வற்றியதும் பொறி தன் நாளை மறந்து, பல்லாண்டு பின்சென்ற தேதியைக் காட்டும். பழைய பொறிகள் தம் அமைப்புகளையும் மறந்து, எவ்வட்டிலிருந்து தொடங்குவதென அறியாது திகைக்கும். ஒருவாறு எழுந்தாலும், வங்கியின் இணையதளம் “பாதுகாப்பற்றது” என்று கதவடைக்கும். இணையச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டாதலின், தவறான தேதி அவற்றைப் பொய்யெனக் காட்டிவிடுகின்றது. சிறு விலை மின்கலம் ஒன்றை மாற்றத் தவறியமையால் பெருஞ்செலவுக்கு ஆளாவோர் உளர்.

வட்டினைக் காணேன் என்று திரையில் எழுத்துத் தோன்றின், பழுது நான்காம் படியது. யாரேனும் பென் டிரைவை எடுக்க மறந்து விட்டுள்ளனரா என்று பார்க்க. வட்டின் கம்பிகள் நெகிழ்ந்துள்ளனவா என்று பார்க்க. அதன்பின் செவி கொடுத்துக் கேட்க. ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சீராக ஒலித்தால், அதன் படிப்புமுனை தன் இடத்தைத் தேடித் தேடி அலைகின்றது என்று அறிக. அந்நிலையில் மீண்டும் மீண்டும் தொடங்க முயல்தல், கால் முறிந்தவனை ஓடச் செய்தலை ஒக்கும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், கண்ணுக்குப் புலனாகா இடைவெளியில் மிதக்கும் முனை தட்டினை உராயுமாயின், அதிலுள்ள எழுத்து பொடியாகவே உதிரும். உள்ளிருக்கும் பொருள் அரியதாயின், பொறியை உடனே நிறுத்தி, தரவு மீட்பதில் வல்லாரிடம் வட்டினை ஒப்புவித்தலே அறிவுடைமை.

விண்டோஸின் சின்னம் தோன்றிச் சுழன்றுகொண்டே இருத்தலும், பாதியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குதலும் ஐந்தாம் படிப் பழுதுகள். புதுப்பித்தல் நடைபெறுகையில் மின்சாரம் நின்றுபோதல் இதற்கு ஒரு பெருங்காரணம். அடுத்தடுத்துத் தொடக்கம் தவறினால் விண்டோஸ் தானே பழுது நீக்கும் பகுதியைக் காட்டும். அதன்வழி ‘சேஃப் மோட்’ என்னும் எளிய நிலையில் புகுந்து, கடைசியாகச் சேர்த்த நிரலை நீக்குதல் முதல் மருந்து. வட்டு மறைகுறியாக்கம் பெற்றிருப்பின் 48 இலக்கத் திறவெண் கேட்கப்படும். அதனை முன்னரே எழுதி வையாதவர் தம் வீட்டுக்கே அயலாராவர்.

இவ்வைந்தாம் படியின் சிறப்பை உலகம் முழுதும் ஒரே நாளில் உணர்ந்தது. 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் துயிலெழ மாட்டாமல் நீலத்திரை காட்டி நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின, இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். ஆயினும், அக்கணிப்பொறிகளின் உறுப்பு ஒன்றேனும் கெட்டிலது. உள்ளிருந்த தரவும் அழிந்திலது. சேஃப் மோட்டிற் புகுந்து அவ்வொரு கோப்பினை நீக்கியதும் அவை எழுந்தன. அன்று அஞ்சி அனைத்தையும் அழித்திருப்பாராயின் இழப்பு எத்துணையதாகியிருக்கும்! எழாமை வேறு, அழிவு வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் வட்டாரத்துக்குரிய காரணங்களை நோக்குவாம். நெய்வேலியில் மின்சாரம் பிறந்தாலும், அதனைச் சுற்றியுள்ள ஊர்களின் கம்பிகள் காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் உட்பட்டனவே. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. பல ஊர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. 2015 நவம்பரில் பெய்த பெருமழை நெய்வேலி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளை வெள்ளக்காடாக்கியது. இத்தகைய நாள்களுக்குப்பின் கணிப்பொறியை உடனே இயக்குதல் தகாது. நனைந்த பொறிக்கு நீரினும் பெரும் பகை, ஈரத்தோடு பாய்ச்சும் மின்சாரமே. பெட்டியைத் திறந்து பல நாள் நிழலிலும் காற்றிலும் உலர்த்தியபின்னரே முயலுதல் வேண்டும். இடி முழங்குங்கால் பிளக்கை மட்டுமன்றி இணையக் கம்பியையும் கழற்றுக; அவ்வழியாகவும் மின்னல் நுழையும். நின்ற மின்சாரம் மீளும்போது முதற் சில நிமிடங்கள் வோல்ட்டு தத்தளிக்கக் கூடுமாதலின், ஐந்து நிமிடம் பொறுத்து இயக்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் எர்த் கம்பி செம்மையாக உள்ளதாவென மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க. பெட்டியைத் தொடுகையில் ‘சுரீர்’ என்னுமாயின், அது புறக்கணிக்கத்தக்க சிறு குறும்பன்று, எச்சரிக்கையாம்.

சிறு குறியைப் புறக்கணியாத பண்பு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட கரிய பொருளைக் கண்டு, “சேறு” என்று தள்ளிவிடாமல், அஃது யாதென அறிய முற்பட்டமையாலன்றோ நெய்வேலியின் நிலக்கரிச் செல்வம் பின்னர் உலகுக்கு வெளிப்பட்டது? 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் அதன் தொடர்ச்சியே. ஒலியொன்று, விளக்கொன்று, திரையிலே ஒரு வரி எழுத்து ஆகிய சிறு குறிகளைப் பொறுமையோடு நோக்குவோரே பழுதின் வேரைக் காண்பர்.

முடிவாக, மாணவ அன்பர்காள், மருத்துவத்தினும் காவலே சிறந்தது. மலைப்பிரசங்கத்தின் ஈற்றில் வரும் இரு வீடுகளின் உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். வெயிற்காலத்தில் அவ்விரு வீடுகளும் ஒன்று போலவே தோன்றியிருக்கும். பெருமழை மோதிய நாளிலேதான் அடித்தளம் இன்னதெனத் தெரிந்தது. கணிப்பொறியும் அத்தகையதே. நம் எழுத்தின் படியொன்றைப் புற வட்டிலும், மற்றொன்றை வேறோர் இடத்திலும் வாரந்தோறும் எழுதி வைத்தோமாயின், பொறி எழாத காலையில் நாம் நடுங்க வேண்டுவதில்லை; கடைக்காரர் ‘ஃபார்மட்’ என்று சொல்லினும் அச்சமின்றி இசையலாம். அங்ஙனம் படி எடுத்து வையாதவர், பழுது பார்க்கத் தருமுன், “இதிலுள்ள தரவை அழித்தலாகாது, முதலில் அதனை வேறு வட்டில் எடுத்து வையுங்கள்” என்று வாயாற் சொல்லுவதோடு நில்லாது, பெட்டியின்மேல் தாளில் எழுதியும் ஒட்டுக. கருவி கெட்டால் பொருள் கொடுத்து மற்றொன்று வாங்கலாம். எழுதிய கட்டுரையையும் மறைந்த தந்தையின் முகத்தையும் எந்தக் கடையில் வாங்குவது? இதனை உணர்ந்து, எவ்வூர்க் கணிப்பொறியாயினும் அதன் நோயறிந்து காக்கும் பொறுமையை நாம் அனைவரும் பெறுவோமாக.